தொடுபலகை இயக்கிகளின் வரலாறு

மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் கீழே, விரலால் தொட்டுத் திரையிலுள்ள சுட்டுக்குறியை நகர்த்த உதவும் சிறு பரப்பு தொடுபலகை எனப்படும். கடைகளிலும் வகுப்பறைகளிலும் இதை டச்பேட் என்றே சொல்வார்கள். இதற்கும் கணினியின் இயங்குதளத்துக்கும் இடையே நின்று தகவலைக் கொண்டுசெல்லும் மென்பொருள் இயக்கி, அதாவது டிரைவர். இயங்குதளத்தை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு உயர்த்தியதும் தொடுபலகை செயலிழப்பது, மடிக்கணினி பயன்படுத்துவோர் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சந்தித்துவரும் சிக்கல். சில நேரம் சுட்டுக்குறி அறவே அசையாது. சில நேரம் அது நகரும். ஆனால் இரு விரலால் பக்கத்தை உருட்டுவதும், தட்டிச் சொடுக்குவதும் போயிருக்கும்.

இதைப் பலகையின் பழுது என்று எண்ணிப் புதுப் பலகை வாங்குவோர் உண்டு. கணினியை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவி, சேமித்து வைத்த பாடக்குறிப்புகளையும் படங்களையும் இழப்போரும் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி, அதுவும் அரசு கொடுத்தது என்றால் இந்த இழப்பு சிறியதல்ல. இயங்குதளத்தை உயர்த்திய மறுநாள் வரும் கோளாறில் பலகை பெரும்பாலும் குற்றமற்றது. மாறியிருப்பது அதன் பேச்சை எடுத்துச் சொல்லும் இயக்கி. ஏன் அப்படி நேர்கிறது என்பதைத் தொடுபலகையின் வரலாறு விளக்கும். பழுதை எங்கே தேட வேண்டும் என்பதற்கும் அந்த வரலாறே வழிகாட்டி.

இயக்கியின் வேலை

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் நடந்த முறையை நினைத்துப் பார்த்தால் இயக்கியின் வேலை எளிதில் விளங்கும். குளிப்பவர் கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்குவார். மூச்சை அடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளைச் சேர்ப்பார். மேலே தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே நடப்பது தோணியில் உள்ள எவர் கண்ணுக்கும் தெரியாது. குளிப்பவர் கயிற்றைச் சுண்டி இழுப்பதுதான் அவர் அனுப்பும் ஒரே செய்தி. அந்தச் சுண்டலுக்கு என்ன பொருள் என்று கயிறு பிடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுபவமுள்ளவரை மாற்றி, சைகை அறியாத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? குளிப்பவரின் திறமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் சொல்வது மேலே போய்ச் சேராது.

இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்புகளில் கடைசி வரிசை 1955 முதல் 1961 வரை நடந்தது. குளிப்பவரும் கயிறு பிடிப்பவரும் இணைந்து செய்த அந்த வேலைக்கு ஒப்பானதே பலகையும் இயக்கியும் செய்யும் வேலை. தொடுபலகை விரலின் இடத்தை அளந்து மின் குறிப்புகளாக அனுப்புகிறது. இயக்கி அவற்றைப் படித்து, ‘வலப்பக்கம் நகர்’, ‘சொடுக்கு’, ‘பக்கத்தை உருட்டு’ என்று இயங்குதளத்துக்குப் புரியும்படி சொல்கிறது. இயங்குதளத்தை உயர்த்தும்போது பலகை மாறுவதில்லை. மாறுவது கயிறு பிடிப்பவர்.

தொடுபலகை வந்த விதம்

மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினிக்குச் சுட்டி பொருந்தாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1983இல் வெளியான கேவிலன் எஸ்சி என்ற அமெரிக்கக் கணினியில் விசைப்பலகைக்கு மேலே தொடு உணர்வுள்ள ஒரு பட்டை இருந்தது. 1989இல் பிரிட்டனின் சயான் நிறுவனம் வெளியிட்ட எம்சி வரிசைக் கணினிகளிலும் தொடுபலகை இடம்பெற்றது. இவை பரவலாகவில்லை. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் உருண்டையை விரலால் சுழற்றும் முறையே மிகுதியாக இருந்தது. அந்த உருண்டையில் தூசி சேரும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

இன்றைய தொடுபலகைக்கு அடித்தளம் இட்டவர் ஜார்ஜ் கெர்ஃபைடு. மின்தேக்குத் திறனைக் கொண்டு விரலின் இடத்தை அறியும் பலகையை அவர் 1980களின் இறுதியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உருவாக்கினார். பிறகு சர்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய நுட்பத்தை உரிமம் பெற்று ஆப்பிள் நிறுவனம் 1994 மே மாதம் வெளியிட்ட பவர்புக் 500 வரிசையில் பயன்படுத்தியது. அதன் பின் தொடுபலகை மடிக்கணினியின் இயல்பான உறுப்பாயிற்று.

பலகையின் மேற்பரப்புக்கு அடியில் நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்லிய மின்கம்பி வலை இருக்கிறது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் அருகே வந்தால் அந்த இடத்தில் மின்தேக்குத் திறன் சிறிது மாறும். பலகையில் உள்ள சில்லு அந்த மாற்றத்தை அளந்து விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அழுத்தம் தேவையில்லை, தொட்டாலே போதும். நகத்தாலோ தடித்த கையுறை அணிந்த விரலாலோ தொட்டால் பலகை உணராததற்கும் இதுவே காரணம்.

ஃபெடரிகோ ஃபாகின், கார்வர் மீட் ஆகியோர் 1986இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனம் முதலில் நரம்பு வலைப்பின்னல் ஆய்வுக்காக அமைந்தது. உலகின் முதல் வணிக நுண்செயலியான இன்டெல் 4004ஐ வடிவமைத்தவர்களில் ஒருவர் ஃபாகின். அந்த நிறுவனம் 1990களின் நடுவில் தொடுபலகைக்குத் திரும்பியது. ஜப்பானின் ஆல்ப்ஸ், தைவானின் எலான் ஆகியவையும் இத்தொழிலில் இறங்கின. மடிக்கணினியின் மூடியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் பலகை பெரும்பாலும் இத்தகைய சில நிறுவனங்களில் ஒன்றுடையது. ஒரே மாதிரிக் கணினியை வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்குப் பலகை வேலை செய்து மற்றவருக்குச் செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே பலகை வேறு.

சுட்டியாக வேடமிட்ட காலம்

தொடுபலகை பரவிய காலத்தில் இயங்குதளங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவை அறிந்தது சுட்டியை மட்டுமே. அதனால் பலகையைச் செய்தவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டார்கள். ஐபிஎம் நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய பிஎஸ்/2 இணைப்பு முறையில் பலகையை இணைத்து, அதைச் சுட்டி என்றே கணினியிடம் சொல்ல வைத்தார்கள்.

பிஎஸ்/2 சுட்டி ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட்டுகளை அனுப்பும். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, இடவலமாக எவ்வளவு நகர்ந்தது, மேல்கீழாக எவ்வளவு நகர்ந்தது என்பவையே அவற்றில் இருக்கும். விரல் பலகையின் எந்த மூலையில் உள்ளது, எத்தனை விரல்கள் உள்ளன என்பதைச் சொல்ல அதில் இடமில்லை. ஆகவே பலகை தன் முழுத் திறமையைக் காட்ட வேண்டுமானால் வேறொரு மொழிக்கு மாற வேண்டியிருந்தது.

சினாப்டிக்ஸ் பலகைகள் இதைச் செய்த விதம் சுவையானது. சுட்டிக்கு அளவுநுட்பத்தை மாற்றச் சொல்லும் ஒரு சாதாரணக் கட்டளை உண்டு. சிறப்பு இயக்கி அந்தக் கட்டளையைக் குறிப்பிட்ட எண்களுடன் நான்கு முறை அடுத்தடுத்து அனுப்பி, உடனே நிலையைக் கேட்கும். உண்மையான சுட்டிக்கு இதில் எந்தப் பொருளும் இல்லை. தொடுபலகையோ இதைத் தன் கதவைத் தட்டும் இரகசியக் குறி என்று புரிந்துகொண்டு, தான் யார் என்று பதில் சொல்லும். அதன் பிறகு ஆறு பைட்டுகள் கொண்ட செய்திகளில் விரலின் இடத்தையும் அழுத்தத்தையும் அனுப்பத் தொடங்கும். ஆல்ப்ஸுக்கும் எலானுக்கும் வேறு வேறு இரகசியக் குறிகள் இருந்தன.

மேம்படுத்தலுக்குப் பின் வரும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. புதிய இயங்குதளத்துக்கு இரகசியக் குறி தெரியாவிட்டால், பலகை தன் பழைய வேடத்திலேயே நின்றுவிடும். சுட்டுக்குறி நகரும், சொடுக்கும். உருட்டல் இருக்காது, தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டுக்குறி தாவுவதைத் தடுக்கும் வசதியும் இருக்காது. பலகை பாதி கெட்டுவிட்டது என்று பயனர் நினைப்பார். உண்மையில் அது சாதாரணச் சுட்டியாக நடித்துக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் பதிப்புகளும் இயக்கி மாற்றங்களும்

விண்டோஸ் 95, எக்ஸ்பி காலங்களில் பலகை இயக்கியைக் கணினி நிறுவனங்களே குறுந்தகட்டில் கொடுத்தன. குறுந்தகடு தொலைந்தால் இயக்கியும் தொலைந்தது. 2007 ஜனவரியில் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது இயக்கிகளுக்கான விதிகள் மாறின. அதன் 64 பிட் பதிப்பு, மின்னணுக் கையொப்பம் இல்லாத இயக்கிகளைக் கருவகத்துக்குள் அனுமதிக்கவில்லை. எக்ஸ்பியில் நன்றாக ஓடிய பல பழைய இயக்கிகள் அங்கே நுழைய முடியாமல் நின்றன. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது. அதன் விலையைக் கொடுத்தவர்களில், நிறுவனங்கள் புது இயக்கி எழுதாமல் கைவிட்ட கணினிகளின் உரிமையாளர்களும் அடங்குவர்.

அடுத்த பெரிய மாற்றம் 2012இல் வந்த விண்டோஸ் 8. தொடுபலகையைப் பிஎஸ்/2 வழியாக அன்றி, ஐ2சி என்ற பாதை வழியாக இணைக்கும் பொது நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் அப்போது வெளியிட்டது. ஐ2சி என்பது சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ள பிலிப்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. 2013இல் வந்த விண்டோஸ் 8.1, துல்லியத் தொடுபலகை என்ற தர வரையறையைக் கொண்டுவந்தது. இந்த முறையில் பலகை, விரல்கள் எங்கெங்கே உள்ளன என்பதை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வடிவத்தில் மட்டும் சொல்லும். உருட்டலா, பெரிதாக்கலா என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் வேலை. நிறுவனத்துக்கு ஓர் இயக்கி என்ற தேவை குறைந்தது.

துறைமுக நகரில் இருப்போருக்கு இந்த மாற்றம் பழக்கமான ஒன்று. 1974இல் பெருந்துறைமுகம் செயல்படத் தொடங்கும்வரை, தூத்துக்குடிக்கு வந்த கப்பல்கள் ஆழம் போதாமல் தொலைவில் நங்கூரமிட்டன. மூட்டையும் பொதியும் தோணிகளில் ஏறி இறங்கின. ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம் வேண்டும். கொள்கலன் வந்தபின் பெட்டியின் அளவும் மூலைப்பிடியும் உலகெங்கும் ஒன்றாயின. உள்ளே உப்பா, துணியா என்று பளுதூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. துல்லியத் தொடுபலகை செய்ததும் இதுதான்: பெட்டியைப் பொதுவாக்கியது.

ஆனால் மாறுகிற காலம் எப்போதும் சிக்கலானது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோருக்கு ஓராண்டுக் காலம் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பழைய பிஎஸ்/2 பலகை கொண்ட கணினிகளும் புதிய ஐ2சி பலகை கொண்டவையும் ஒரே நேரத்தில் ஒரே இயங்குதளத்துக்கு மாறின. விண்டோஸ் அப்டேட் சில கணினிகளில் நிறுவனத்தின் சிறப்பு இயக்கியை நீக்கிப் பொது இயக்கியை வைத்தது. ஐ2சி பலகைகளில் புதுவிதமான பழுது ஒன்றும் தோன்றியது. அந்தப் பாதையைக் கட்டுப்படுத்தும் சில்லுக்கே தனி இயக்கி தேவை. அது இல்லாவிட்டால் பலகையின் இயக்கியை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. பாதை மூடிக் கிடக்கையில் வண்டியைப் பழுதுபார்ப்பது போன்றது அது.

லினக்ஸ் கண்ட வழி

லினக்ஸில் தொடுபலகை இயக்கியை எழுதியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். எக்ஸ் சாளர அமைப்புக்கான சினாப்டிக்ஸ் இயக்கி 2000களின் தொடக்கத்தில் உருவானது. பீட்டர் ஓஸ்டர்லண்ட் அதை நெடுங்காலம் பேணினார். பெயர் சினாப்டிக்ஸ் என்றிருந்தாலும் ஆல்ப்ஸ், எலான் பலகைகளையும் அது கையாண்டது. 2009இல் லினக்ஸ் கருவகம் பல விரல் தொடுகைக்கான பொது நெறிமுறையைப் பெற்றது. ஐ2சி பலகைகளுக்கான ஆதரவு 2013இல் கருவகத்தில் சேர்ந்தது.

பழைய இயக்கி எண்ணற்ற திருகுகளைக் கொண்டது. ஒவ்வொருவரும் தம் கணினிக்கு ஏற்பத் திருகிக்கொள்ளலாம். ஆனால் அதைப் பேணுவது கடினமாயிற்று. அதற்கு மாற்றாக லிப்இன்புட் என்ற பொது நூலகம் எழுதப்பட்டது. பீட்டர் ஹட்டரர் இதன் முதன்மைப் பேணுநர். 2015இல் வெளியான ஃபெடோரா 22 இதை இயல்பு இயக்கியாக ஏற்றது. மற்ற லினக்ஸ் வழங்கல்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பின்தொடர்ந்தன.

இந்த மாற்றத்தின்போது பலர் ‘தொடுபலகை கெட்டுவிட்டது’ என்று முறையிட்டார்கள். காரணம் எளியது. தனிப் பொத்தான்கள் கொண்ட பலகைகளில் தட்டிச் சொடுக்கும் வசதியை லிப்இன்புட் இயல்பாக அணைத்து வைத்தது. தற்செயலாக விரல் பட்டுச் சொடுக்கு விழுவதைத் தவிர்க்கவே இந்த முடிவு. அமைப்புகளில் ஒரு குறியை இட்டால் வசதி திரும்பிவிடும். இது பழுதல்ல, புதிய இயக்கியை எழுதியோர் எடுத்த வேறொரு முடிவு. இயங்குதளத்தை உயர்த்திய பின் காணாமற்போனவை எல்லாம் கெட்டுப்போனவை அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்நாட்டில் நடந்தவை

தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த 2006–2008 காலத்தில் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கப்பட்ட கணினிகளிலும் லினக்ஸ் இடம்பெற்றது. அதே காலத்தில் சிடாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தை உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகம் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படிப்போருக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மடிக்கணினிகள் வழங்குவது இலக்கு. எல்காட் வழியே கொள்முதல் நடந்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்குமாறு அவை திட்டமிடப்பட்டன. மீனவர், உப்பளத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் வீடுகள் நிறைந்த தூத்துக்குடிக் கடற்கரை ஊர்கள் உட்பட, மாநிலத்தின் பல வீடுகளுக்கு முதல் கணினி இத்திட்டத்தால் வந்தது.

இந்தக் கணினிகள் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 2011இல் மடிக்கணினித் தொடுபலகைகள் பிஎஸ்/2 முறையில் சுட்டியாக வேடமிட்டவை. அடுத்த ஆண்டே பொது நெறிமுறை வெளியாயிற்று. நான்காம் ஆண்டில் விண்டோஸ் 10 வந்தது. அதாவது, இயக்கி உலகம் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டு மாணவர்கள் பெருந்திரளாக மடிக்கணினிக்கு வந்தார்கள். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவும், 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவும், 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தன. எக்ஸ்பி முடிவையொட்டித் தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. ஒவ்வொரு முடிவும் ஓர் இடப்பெயர்வு; ஒவ்வோர் இடப்பெயர்விலும் பழைய பலகைக்குப் புதிய கயிறு பிடிப்பவர் வேண்டும்.

விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடுத்த கணினிகளைப் பாதுகாப்பாகத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோருக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. பழைய பிஎஸ்/2 பலகைகளுக்கான இயக்கிகள் லினக்ஸ் கருவகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒரு நிறுவனம் கைவிட்ட பலகையை அங்கே பொதுச் சமூகம் பேணிவருகிறது.

கடற்கரையில் கவனிக்க வேண்டியது

எல்லாப் பழுதும் இயக்கியால் வருவதில்லை. மின்தேக்குத் திறனை நம்பி இயங்கும் பலகைக்கு ஈரம் எதிரி. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். வியர்வையோ உப்பு ஈரமோ பலகையில் படிந்தால் அதை விரல் என்று பலகை தவறாக எண்ணக்கூடும். சுட்டுக்குறி தானாகத் தாவும். தொடாமலே சொடுக்கு விழும். உப்பளங்களும் கடற்காற்றும் சூழ்ந்த தூத்துக்குடி போன்ற ஊர்களில் இது இயல்பாக எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. நாளடைவில் உப்புக் காற்று பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் பட்டைக் கம்பியின் முனைகளை அரிக்கவும் செய்யும்.

இரண்டையும் பிரித்தறிய நேரமே நல்ல அளவுகோல். மேம்படுத்தல் முடிந்து கணினி மீண்டும் எழுந்த கணத்திலிருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் கோளாறு இருந்தால் இயக்கியைச் சந்தேகிக்கலாம். மழை நாளில் கூடி, வெயிலில் குறைந்து, நாளுக்கு நாள் மாறினால் ஈரத்தையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம். உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பார்ப்பது செலவில்லாத முதல் சோதனை. மின்னூட்டியைக் கழற்றிப் பார்ப்பதும் பயன் தரும். தரமற்ற மின்னூட்டியின் மின் இரைச்சலாலும் சுட்டுக்குறி நடுங்கும்.

பழுதுநீக்கும் ஒழுங்கு

மேலே சொன்ன வரலாற்றிலிருந்து ஓர் ஒழுங்கு தானே கிடைக்கிறது. எளியதிலிருந்து கடினத்துக்கும், திரும்பப் பெறக்கூடியதிலிருந்து திரும்பாததற்கும் செல்ல வேண்டும்.

1. முதலில் யூஎஸ்பி சுட்டி ஒன்றை இணைத்துக்கொள்க. சுட்டி கிடைக்காவிட்டால் விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எண் விசைகளால் சுட்டுக்குறியை நகர்த்தும் வசதி கிடைக்கும்.

2. பலகை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. பல மடிக்கணினிகளில் மேல்வரிசை விசை ஒன்றை எஃப்என் விசையுடன் அழுத்தினால் பலகை அணையும். அமைப்புகளிலும் தொடுபலகைக்கான பொத்தான் உண்டு. யூஎஸ்பி சுட்டி இணைந்திருக்கும்போது பலகையை அணைக்கும் தெரிவும் அங்கேயே இருக்கும்.

3. பலகையின் உடல்நலத்தைச் சோதிக்க. கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தால் மற்றதில் நுழைந்து பார்க்கலாம். ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாவிட்டால் பலகை நலமாக உள்ளது, குறை இயக்கியில். விலையில்லா மடிக்கணினியில் இரண்டு இயங்குதளம் இருந்ததன் பயன்களில் இதுவும் ஒன்று. ஒரே இயங்குதளம் மட்டும் இருந்தால், நிறுவாமலே ஓடும் லினக்ஸை யூஎஸ்பி நினைவகத்திலிருந்து இயக்கிப் பார்க்கலாம். இதனால் கணினியில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

4. விண்டோஸில் குறை என்றால், விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் அழுத்தி வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறக்க. சுட்டிகள் பகுதியையும் மனித இடைமுகச் சாதனங்கள் பகுதியையும் பார்க்க. மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்தச் சாதனத்தின் இயக்கிதான் குறை. முந்தைய இயக்கிக்குத் திரும்பும் பொத்தான் செயல்பட்டால் அதையே முதலில் முயல்க. இல்லாவிட்டால் இயக்கியை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால் பொது இயக்கி தானே அமையும்.

5. சுட்டிகள் பகுதியில் தொடுபலகையே காணப்படாவிட்டால், ஐ2சி பாதைக்கான இயக்கியைப் பார்க்க. கணினி நிறுவனத்தின் தளத்தில் தாய்ப்பலகைச் சில்லுத்தொகுதிக்கான இயக்கிகளை முதலில் நிறுவி, பிறகு தொடுபலகை இயக்கியை நிறுவ வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

6. லினக்ஸில் குறை என்றால், அமைப்புகளில் தட்டிச் சொடுக்கும் தெரிவை முதலில் பார்க்க. அதனாலும் தீராவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கருவகத்தைத் தேர்ந்து நுழைக. டெபியன், உபுண்டு போன்றவை முந்தைய கருவகத்தையும் வைத்திருக்கும். அதில் பலகை ஓடினால் குறை புதிய கருவகத்தில் என்பது உறுதி. அடுத்த புதுப்பிப்பு வரும்வரை பழையதிலேயே வேலை பார்க்கலாம்.

7. விண்டோஸ் 10இல் 2016க்குப் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும், மேம்படுத்திய 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இயல்பாக உண்டு. முதலில் இது 30 நாளாக இருந்து பின்னர் குறைக்கப்பட்டது. ஆகவே கோளாறைக் கண்டால் தள்ளிப்போடக் கூடாது.

இவை அனைத்தும் பயனளிக்காதபோதுதான் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்ல வேண்டும். அப்போதும், மூன்றாவது சோதனையின் முடிவைச் சொல்லிவிட்டால் வீண் செலவு குறையும்.

இயக்கியை எங்கிருந்து பெறுவது

இயக்கி கணினியின் ஆழத்தில் இயங்கும் மென்பொருள். 2017 டிசம்பரில் வெளியான ஒரு செய்தி இதை உணர்த்தியது. எச்பி மடிக்கணினிகளில் இருந்த சினாப்டிக்ஸ் இயக்கியில், விசை அழுத்தங்களைப் பதிவு செய்யக்கூடிய ஒரு சோதனைப் பகுதி விடுபட்டுக் கிடந்ததை ஓர் ஆய்வாளர் கண்டறிந்தார். அது இயல்பாக அணைந்தே இருந்தது. தங்களுக்கோ சினாப்டிக்ஸுக்கோ பயனர் தரவு எதுவும் கிடைக்கவில்லை என்று எச்பி தெரிவித்து, 460க்கும் மேற்பட்ட கணினி மாதிரிகளுக்குத் திருத்தம் வெளியிட்டது. முறையான நிறுவனத்தின் இயக்கியிலேயே இப்படி நேரலாம் என்றால், தெரியாத தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் இயக்கித் தொகுப்புகள் எவ்வளவு ஆபத்தானவை என்று சொல்ல வேண்டியதில்லை. கணினி நிறுவனத்தின் தளம், இயங்குதளத்தின் புதுப்பிப்பு, லினக்ஸ் வழங்கலின் களஞ்சியம் ஆகிய மூன்றே நம்பத்தக்க இடங்கள்.

எழுத்துருக்கள் கற்பித்த பாடம்

தமிழ்க் கணிமைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் குறியீட்டு முறையை வைத்திருந்தது. கணினியை மாற்றினாலோ எழுத்துரு இல்லாவிட்டாலோ, எழுதியது கட்டங்களாகவும் கிறுக்கலாகவும் தெரிந்தது. எழுத்து அழியவில்லை, படிக்கும் முறைதான் இல்லாமற்போனது. 1999 தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கு வழிவகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இன்று ஒரு கணினியில் எழுதிய தமிழ் எந்தக் கணினியிலும் திறக்கிறது.

தொடுபலகையும் அதே பாதையில் வந்திருக்கிறது. தனித்தனி இரகசியக் குறிகளிலிருந்து பொது நெறிமுறைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. புதிதாக வரும் மடிக்கணினிகளில் இச்சிக்கல் குறைந்திருக்கிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கணினிகளும் அடுத்த பத்தாண்டில் பலமுறை மேம்படுத்தப்படும். ஒவ்வொரு முறையும், மேம்படுத்தும் முன் மூன்று வேலைகளைச் செய்துகொள்வது நல்லது: முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு நினைவகத்தில் எடுத்து வைத்தல், கணினியின் மாதிரி எண்ணையும் தொடுபலகையின் பெயரையும் குறித்துக்கொள்ளுதல், இப்போது வேலை செய்யும் இயக்கியின் படி ஒன்றைச் சேமித்தல். இம்மூன்றும் கையில் இருந்தால், மேம்படுத்தலுக்குப் பின் பலகை ஓடாவிட்டாலும் கோப்புகளை இழக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.